பாலம் தாண்டிய மரம்

ஹோல்ஸாவ், ஆஸ்திரியா
ஏப்ரல் 7

அன்புள்ள தம்பி கோர்பினியனுக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. உன் சிரித்த முகம்தான் வைடரிங்கில் கம்பத்துக்கு ஒன்றாகத் தொங்குகிறதே. தேர்தல் முடிந்து ஒரு மாதமாகிறது, இன்னும் கழற்றவில்லை. மழையில் ஊறி மூக்கு மட்டும் உரிந்திருக்கிறது. தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்கு வரும்போது அந்த மூக்குக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

போன் செய்தால் எடுப்பதில்லை. ஈஸ்டர் சாப்பாட்டுக்கும் வரவில்லை. உன் அத்தான் அம்ப்ரோஸ் உனக்கென்று எடுத்து வைத்த ஆட்டுத்தொடையை இரண்டு நாள் பார்த்துவிட்டு நாய்க்குப் போட்டார். அதனால்தான் காகிதத்தை எடுத்திருக்கிறேன். இதைப் படிக்காமல் கிழித்தால் அடுத்ததைப் பாதிரியாரிடம் கொடுத்துப் பிரசங்கத்தில் வாசிக்கச் சொல்வேன்.

விஷயம் இதுதான். ஆற்றின் இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே பாலர் பள்ளி என்று நம் இரண்டு ஊரும் கையெழுத்துப் போட்டு இருபது வருஷமாகிறது. பள்ளி உங்கள் பக்கம், செலவில் பாதி எங்களுடையது. மே ஏழாம் தேதி புது ஊராட்சி கூடியதும் அதை முறித்துக்கொள்ள உங்கள் தாயக முன்னணி தீர்மானம் கொண்டுவருகிறதாம். ஒன்பது பேரில் உன்னோடு சேர்த்து ஐந்து பேர் உங்கள் ஆட்கள். எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டால், மிஞ்சுகிற கொஞ்சம் பேருக்குப் பள்ளி எதற்கு என்று மேலிடம் அதை இழுத்து மூடிவிடும்.

அங்கே சமையல் செய்யும் என் வேலை போவது கிடக்கட்டும். பிளம் கொழுக்கட்டை நாளில் எந்தப் பிள்ளை எந்தக் கரை என்று எனக்கே தெரியாது, எல்லாம் வாயெல்லாம் சர்க்கரையோடு உட்கார்ந்திருக்கும். அதில் பாதியை மேசையிலிருந்து எழுப்பி விடுவதற்கு என் தம்பி கை தூக்குவான் என்றால் எனக்குத் தாங்காது. நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று ஒரு வரி எழுது.

பாசமுள்ள அக்கா,
வால்பர்கா


வைடரிங், பவேரியா
ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ என்னைக் கேலி செய்வது புதிதல்ல, மூக்கு விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

நீ கேட்கும் ஒரு வரியை என்னால் எழுத முடியாது. நாங்கள் யாருக்கும் எதிரி இல்லை. அவரவர் வீடு அவரவருக்கு, அவ்வளவுதான். எங்கோ பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருப்பவன் எல்லாக் கதவையும் திறந்து வை என்பான், நாங்கள் செலவு பண்ண வேண்டும். அந்தக் காலம் முடியப் போகிறது. இனிமேல் ஐரோப்பாவில் தன் வேலியைத் தானே காக்கும் தேசங்களின் கூட்டணிதான் நிற்கும். நம்பாவிட்டால் உங்கள் ஊர்க் கறிக்கடை கொட்ஹார்டைக் கேள். உங்கள் நாட்டுத் தோழமைக் கட்சியின் சார்பில் பத்தொன்பதாம் தேதி ஞாயிறு மதியம் எங்கள் பீர் மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறார்.

கூட்டத்தின் தலைப்பு ‘மரபைக் காப்போம், எல்லையைக் காப்போம்’. மாவட்டத் தலைவர் டெட்லெஃப் நேரில் வருகிறார். வடக்கே பிறந்தவர் என்றாலும் நம் மரபின் மேல் உயிரையே வைத்திருப்பவர். மே முதல் தேதி ஊர் நடுவில் நாம் நடுகிற மே மரத்தைப் பற்றி நான் பேசப் போகிறேன். நடுவதற்கு முன்னால் அடுத்த ஊர் மரத்தைத் திருடிப்போய் பீருக்குத் திருப்பித் தருவது நம் பழைய வழக்கம்தான், ஆனால் நான் மரக் கழகத் தலைவரான பிறகு உங்கள் ஊர்க்காரர்களால் ஒருமுறையாவது எங்கள் மரத்தைத் திருட முடிந்ததா? காவல் என்றால் என்ன என்று பெர்லினும் வியன்னாவும் வைடரிங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கோர்பினியன்
ஊராட்சி உறுப்பினர், தாயக முன்னணி


ஹோல்ஸாவ்
ஏப்ரல் 20

அன்புள்ள எல்லைக் காவலரே,

மரம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. வெள்ளை நீலப் பூச்சில் ஒரு கீறல் இல்லை.

நடந்தது உனக்கு இன்னும் முழுசாகத் தெரியாது என்று கேள்விப்பட்டேன். சொல்கிறேன், உட்கார்ந்துகொள். மரம் கிடந்த கொட்டகையில் காவலிருந்த பையன்களை மேடையில் கொடி பிடிக்கக் கூப்பிட்டது நீங்கள்தான். எங்கள் ஆட்கள் பட்டப்பகலில் டிராக்டரோடு வந்தார்கள். மரத்தை எங்கே ஒளித்து வைத்தாய் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, கொட்டகைக்கு வெளியே நுனி நீட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் கறுப்புச் சட்டையோடு நின்றானே, உங்கள் தலைவர் நகரத்திலிருந்து கூட்டி வந்த காவல்காரன், அவன் நிகழ்ச்சிக்கான அலங்காரம் என்று நினைத்து எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டான். மரத்தில் சுற்றியிருந்த துணி சரிந்ததைச் சரிசெய்தும் கொடுத்தான்.

இதில் கொட்ஹார்டைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தேசங்களின் தோழமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாராமே. மனிதர் கடையில் கறி நிறுக்கும்போது நாலு வார்த்தை பேசமாட்டார். மரம் பாலத்தைத் தாண்டும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்று எங்கள் மரக் கழகம் அவரிடம் சொல்லியிருந்தது. கட்சி பெரிதுதான், ஆனால் ஹோல்ஸாவ்காரனுக்கு மரம் அதைவிடப் பெரிது.

இப்போது சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். நானும் அங்கே இருந்தேன். நீ பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ‘அக்கரைப் பிள்ளைகளை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்’ என்றாய், மண்டபம் மேசையைத் தட்டியது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பாலத்தடிக்கு வந்தபோது மரம் என் முன்னால் போனது. ஊர் எல்லைக்குள் வைடரிங்காரர் ஒருவர் மரத்தின் மேல் கை வைத்து ‘மரம் இங்கேயே நிற்கும்’ என்று சொல்லிவிட்டால் திருட வந்தவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் வைடரிங்கில் பிறந்தவள், எனக்கு அந்த உரிமை உண்டு. எங்கள் ஆட்களும் என்னைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினார்கள். நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

வழக்கப்படி பீரும் வறுத்த பன்றியுமாக வந்து மீட்டுக்கொண்டு போ. எவ்வளவு என்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

உன் அக்கா,
வால்பர்கா


வைடரிங்
ஏப்ரல் 22

அக்கா,

நீ கை வைத்திருக்க வேண்டும். வேறு யார் செய்திருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். அந்த மரத்தைத் தேர்ந்தெடுக்க நான் பனிக்காலம் முழுக்கக் காட்டில் அலைந்தேன்.

இது விளையாட்டு இல்லை, கட்சியின் மானம். வெளிநாட்டுக் கும்பல் எல்லை தாண்டி வந்து எங்கள் சொத்தைத் தூக்கிப் போயிருக்கிறது என்கிறார் டெட்லெஃப். எங்கள் கட்சி எதிரிகளோடு பீர் பேரம் பேசாது. அவர் சொற்படி மரக் கழகத் தலைவர் என்ற முறையில் போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன். பத்திரிகைக்கும் அறிக்கை போயிருக்கிறது. மே ஏழாம் தேதி என் ஓட்டு என்ன என்று இனி கேட்காதே.

கோர்பினியன்
ஊராட்சி உறுப்பினர், தாயக முன்னணி


ஹோல்ஸாவ்
ஏப்ரல் 26

அடே தம்பி,

போலீஸையா கூப்பிட்டாய்?

எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் சனிக்கிழமை வந்தார். மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார், நுனியிலிருந்து அடிவரை தடவிப் பார்த்தார், நல்ல மரம் என்றார். பிறகு அம்ப்ரோஸைத் தனியாகக் கூப்பிட்டு, “நெஜமாவே அவங்களேதான் கூப்பிட்டாங்களா?” என்று கேட்டார். அம்ப்ரோஸ் ஆமாம் என்றதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு யாரோ செத்ததற்கு நிற்பது போல நின்றார். இந்த ஆற்றங்கரையில் மரத்தை இழந்த ஊர் உண்டு, அதற்காகப் போலீஸுக்குப் போன ஊர் இதுவரை இல்லை. நம் அப்பாவுக்கு ஒருமுறை மரம் போனபோது மூன்று நாள் பேசாமல் இருந்தார், நான்காம் நாள் பீர் வண்டியோடு கிளம்பிப் போனார்.

உங்கள் கூட்டணியின் கதையைக் கேட்டாயா? டெட்லெஃப் தன் அறிக்கையில் ‘ஆஸ்திரியத் திருடர்கள்’ என்று எழுதியதைப் படித்த கொட்ஹார்ட் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே உள்ளூர் வானொலிக்குப் பேட்டி கொடுத்தார். வடக்கத்தி ஆளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். உங்கள் கட்சிக்காரர்கள் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். எங்கள் நாடு யார் முன்னாலும் குனியாது என்றார் இவர். உங்கள் நாடும் குனியாதாம். உன் தோழமைக் கட்சிகள் இரண்டும் இப்போது ஒருவர் கடிதத்தை ஒருவர் பிரிப்பதில்லையாம். நான்தான் முதலில், நான்தான் முதலில் என்று நிற்பவர்கள் இரண்டு பேர் ஒரு கதவு வழியாக எப்படிப் போவார்கள் தம்பி? எங்கள் பாலர் பள்ளியில் தினமும் மதியம் அந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பவள் நான்.

திட்டிவிட்டேன். ஆனால் மனசு சரியாக இல்லை. உன் முகத்தில் ஊர் விழிக்காமல் போய்விடக் கூடாதே என்று நேற்றெல்லாம் அழுகையாக வந்தது. முதல் தேதி தாண்டினால் எங்கள் ஆட்கள் வழக்கப்படி மரத்தை இங்கேயே நட்டுவிடுவார்கள், ஆண்டு முழுக்க அது உனக்குத் தெரியும்படி நிற்கும். வா.

வால்பர்கா


வைடரிங்
ஏப்ரல் 28

அக்கா,

கழகத்தில் யாரும் என்னோடு ஒரு மேசையில் உட்காரவில்லை. கிழவர் வின்சென்ஸ் தன் கழகத் தொப்பியை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று டெட்லெஃபைக் கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஒரு மரம்தானே, கோர்பினியன். வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.”

இந்த மனிதரை நம்பித்தான் மரபைக் காக்கக் கிளம்பினேன்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நாளைக் காலை பீர் வண்டியோடு நடந்து வருகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கோர்பினியன்


வைடரிங்
மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மதியம் கொழுக்கட்டைச் சட்டியை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாய். யாரோ சொல்லி முடிவு மட்டும் உன் காதுக்கு எட்டியிருக்கும். நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

முதலில், பாலத்து நடுவில் அன்று நடந்த பேரம் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. இரண்டு ஊரும் சுற்றி நின்று சிரித்தது, கொட்ஹார்ட் பன்றியின் எடையில் குறை கண்டுபிடித்தது, எல்லாம் முடிந்தபிறகு நான் உன்னைத் தனியாக இழுத்து, ஓட்டையும் சேர்த்துக் கேட்கப் போகிறாயா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்பாய் என்று நினைத்தேன், கேட்டால் தந்துவிட்டு அதையும் மீட்பு என்று தலைவரிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஓட்டை வெலைக்குக் கேக்க நாங்க ஒன்னும் கட்சிக்காரங்க இல்லடா. பீரும் பன்றியும் போதும். ஓட்டு உன்னோடது, நீயே வச்சுக்கிட்டு முழி” என்றாய். ஒரு வாரம் முழித்தேன்.

முதல் தேதி மரம் நடும்போது எங்கள் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டு வரவில்லை. மரத்தை உந்தி நிமிர்த்தும் கவைக்கம்புகளைப் பிடிக்க ஆள் போதாமல் மரம் பாதி உயரத்தில் நின்றுவிட்டது. என் தோளில் பாரம் இறங்கிக்கொண்டிருந்தபோது உன் ஊர்க்காரர்கள் பீர்க் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு வந்து முட்டுக் கொடுத்தார்கள். என் பின்னால் நின்று தள்ளியவர் கொட்ஹார்ட். மரம் நேராக நின்றதும் மனிதர் தன் கட்சியை மறந்து என் கட்சியை மறந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன், வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

இனி நேற்றைய கதை. மன்றம் நிறைந்துவிட்டது. வாசலில் இரண்டு கரைப் பெற்றோர்களும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். டெட்லெஃப் முதல் வரிசையில். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார் மேயர். நான்கு கைகள் எழுந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டெட்லெஃப் தொண்டையைக் கனைத்தார். பிறகு எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் மேயர். நான் தூக்கினேன். ஐந்து பேர். ஒப்பந்தம் நிற்கிறது, பள்ளி நிற்கிறது, ஆற்றின் மேல்திசையில் இருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேயரிடம் கேட்டிருக்கிறார்களாம், அதையும் அங்கேயே அறிவித்தார். வாசலில் எழுந்த சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. உங்கள் ஊர்ப் பித்தளை வாத்தியக் குழு யார் அனுமதியும் இல்லாமல் பாலம் தாண்டி வந்து வாசித்துக்கொண்டிருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை.

சத்தம் அடங்கியதும் டெட்லெஃப் எழுந்து, இந்த நிமிஷத்திலிருந்து கோர்பினியன் கட்சியில் இல்லை என்று அறிவித்துவிட்டு வெளியே போனார். மேயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சங்கடத்தோடு கேட்டார்:

“கோர்பினியன், அப்போ பதிவுல உங்க பேருக்கு நேரா எந்தக் கட்சின்னு எழுதட்டும்?”

யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

“வால்பர்காவோட தம்பின்னு எழுதிக்கங்க.”

மன்றம் சிரித்தது, மேயரும் சிரித்தார். ஆனால் அப்படியேதான் எழுதிக்கொண்டார்.

உன் தம்பி