மூன்றாவது சொந்தக்காரர்

அண்ணா,

அந்த விற்பனைச் சீட்டில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டது நீதான்.

பழைய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் யார் யாரிடம் கைமாறி வந்தன என்று தேடுவது என் வேலை. நீ ஏலத்துக்கு அனுப்பிய காரின் கோப்பு என் மேஜைக்கே வந்தது. அதன்படி, அப்பாவின் முதலாளி அந்தக் காரை மெக்கானிக்கான அப்பாவுக்குக் கொடுத்தாராம், அப்பா ஒரு டாக்டருக்கு விற்றாராம், டாக்டரிடமிருந்து நீ வாங்கினாயாம். டாக்டரின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். "பந்தயக் காரா? அவரு ஸ்கூட்டரையே தள்ளிக்கிட்டுதாம்மா போவாரு" என்று சிரித்தார்.

அந்த அம்மாவுக்கு மறந்திருக்கலாம். ஆனால் சீட்டின் தேதி? அதற்கு முந்தைய மாதம்தான் லேத் மெஷினில் அப்பாவின் வலது கை விரல்கள் போயின. அப்போது எட்டிக்கூடப் பார்க்காத முதலாளியா கார் கொடுத்தார்? அதன்பின் இரண்டு வருஷம் அப்பா கைநாட்டுதான் வைத்தார். ஹாஸ்டலில் இருந்த உனக்கு அது தெரியாது. சீட்டில் இருப்பதோ, பிற்பாடு அவர் இடது கையால் போடப் பழகிய கையெழுத்து.

வியாழக்கிழமை வாங்குபவரின் வக்கீல் அப்பாவைப் பார்க்க வருகிறார். அப்பாவிடம் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியைக்கூட எடுக்காமல், "உங்க அண்ணன் குடுத்தானா? அப்ப என் கையெழுத்துதான், விடும்மா" என்றார். வக்கீலிடமும் அதையேதான் சொல்வார். பிறகு மோசடி செய்தவர் அவர்தான், நீ இல்லை.

மூன்று தடவை ஃபோன் செய்தேன். நீ எடுக்கவில்லை. புதன்கிழமைக்குள் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாயா, இல்லையா? ஒரு வரி எழுது.

இன்னமும் உன் தங்கை