பஸ் கதவைத் திறந்ததும் நீ சொன்னது

கண்ணு,

யார் கையெழுத்து இது என்று குழம்பாதே. அப்பாவேதான். முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் பழகிவிட்டேன். உன் பெயரை நானே எழுதிய அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

டிப்போவில் நான் கழுவிய பஸ்ஸின் கடைசி சீட்டில் நீ தூங்கிப்போனது நினைவிருக்கிறதா? அதைக் கவனிக்காமல் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைத்தான் எடுப்பாள். "பெத்த பிள்ளைய பஸ்ல பூட்டிட்டு சோத்துக்கு உக்காந்த மனுஷன் இவர் ஒருத்தர்தான்" என்பாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்ததும் நீ சொன்னதை, உன் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். வீடே சிரிக்கும்.

அம்மா போனபிறகு வகுப்பில் அந்தக் கதையை நான் சொன்னேன். கதவைத் திறந்தது வரைக்கும் வந்துவிட்டேன்.

"அப்புறம் பொண்ணு என்னதான் சொல்லுச்சு, பெரியவரே?" என்று கேட்டார்கள்.

எனக்கு வரவில்லை. அத்தனை வருஷம் கேட்டும், சிரித்தது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. இனி அது உனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பு.

முன்பு போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லையாம். நான்தான் முகவரியைத் தப்பாக எழுதியிருப்பேன், பழகாத கை. இந்தத் தடவை இன்னும் மெதுவாக எழுதுகிறேன்.

உன் அப்பா