வாங்க சம்பந்தி

இயேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி,
10 செப்டம்பர் 2006

அன்பு மகள் ரூபிக்கு அம்மா ஸ்டெல்லாமேரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கு எல்லாரும் சுகம், அங்கு உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும் என்று எழுதத்தான் கை போகிறது. பழகிய கை. ஆனால் இங்கு எல்லாரும் சுகமாக இல்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்றால் நீ எப்போது பேசினாலும் பக்கத்தில் அவர் குரல் கேட்கிறது. நான் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் உன் போன்கார்டும் தீர்ந்துவிடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதா கோவில் தேர் இந்த வருஷம் மழையில் நனையாமல் போய்ச் சேர்ந்தது. உன் பேருக்கும் மாப்பிள்ளை பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ கொடுத்தனுப்பிய சாக்லேட்டை மாடிவீட்டுப் பிள்ளைகள் ஒரே நாளில் தின்று தீர்த்துவிட்டன. உன் அப்பாவுக்காக இரண்டை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தேன். அதில் எறும்பு ஏறிவிட்டது. நல்ல செய்தி இவ்வளவுதான்.

அப்பா தெருவில் தடுக்கி விழுந்து கால் உடைந்தது என்று உன்னிடம் சொன்னோம் இல்லையா? அது பொய். மாப்பிள்ளை உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நடந்தது என்ன என்பதை நான் சொல்கிறேன்.

உன் மாமனாரைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகியும், ஜூலை பதினாலு பிரெஞ்சுத் திருநாள் வந்தால் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரையில் போய் விறைப்பாக நிற்பவர். இந்தத் தடவை உன் மாமியாரையும், லீவில் வந்திருந்த மாப்பிள்ளையையும் கூட்டிப் போயிருந்தார். அங்கிருந்து மூன்று பேரும் காரில் நேராக நம் வீட்டுக்கு விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. வேலையில் லீவு கிடைக்காமல் நீ வரவில்லையே என்ற குறையைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. வஞ்சிரம் வறுத்து, கோழிக்கறி வைத்து, வாசல் கழுவிக் காத்திருந்தேன். அப்பா வேலை செய்யும் ரொட்டிக்கிடங்கில் அன்று அவருக்கு முறை இல்லை. ஆனாலும் சம்பந்திக்கு என் கையால் சுட்ட ரொட்டிதான் வைக்கணும் என்று காலையிலேயே போய்விட்டார்.

சூடான ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நம் தெருமுனையில் ஓரமாகத்தான் நடந்து வந்திருக்கிறார். உன் மாமனார், பின்சீட்டில் இருந்த உன் மாமியாரிடம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே காரை வளைத்திருக்கிறார். நான் சத்தம் கேட்டு ஓடினேன். ரோடெல்லாம் ரொட்டி. உன் அப்பா மல்லாந்து கிடக்கிறார், கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து அவர் என்ன சொன்னார் தெரியுமா? வாங்க சம்பந்தி, வாங்க மாப்பிள்ளை என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

உன் மாமியார் காரைவிட்டு இறங்கவே இல்லை. உன் மாமனார் கார் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளைதான் ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றி அப்பாவின் காலில் இறுக்கிக் கட்டினார். பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டை. அது எங்கே போனது என்று நீ கேட்டுக்கொண்டிருந்தாயே, அதனால் சொல்கிறேன். பனியனோடு ஆட்டோவில் ஏறி, அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தார். பெற்ற பிள்ளை இருந்திருந்தால் இதற்குமேல் என்ன செய்திருக்கும்? இதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, தடுக்கி விழுந்துட்டேன் டாக்டர் என்றார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், பின்னாலேயே வந்து சேர்ந்த உன் மாமனாரின் மெடல்களைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்துவிட்டு, அப்பா சொன்னதையே தானும் எழுதிக்கொண்டு போனார். பொண்ணு குடுத்த வீட்டைப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தலாமா என்று அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார். வலியில் முகம் கோணிக் கிடக்கும்போதும் அவருக்கு அதுதான் கவலை.

வைத்தியச் செலவு என் பொறுப்பு, அலெக்சாண்டர் எனக்குத் தம்பி மாதிரி என்று உன் மாமனார் நாலு பேர் கேட்கச் சொன்னார். ஆற்றைக் கடக்கும் வரையில்தான் அண்ணன் தம்பி. முதல் ஆபரேஷன் வரைக்கும் வந்தார். மாப்பிள்ளை பிளேன் ஏறியதும் வரவு நின்றது. போன் செய்தால் உன் மாமியார் எடுத்து, அவர் தூங்குகிறார் என்கிறாள். பகலெல்லாம் என்ன தூக்கமோ.

உள்ளே வைத்த பிளேட் சேரவில்லை, புண்ணில் சீழ் வைக்கிறது. இன்னொரு ஆபரேஷன் சீக்கிரம் செய்யாவிட்டால் கால் மடங்காமலே போய்விடும், அதைவிட மோசமாகவும் ஆகலாம் என்கிறார்கள். அடுப்பின் முன்னால் நிற்க முடியாதவருக்கு ரொட்டிக்கிடங்கில் என்ன வேலை? முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வளாகத்தில் இலவச சட்ட உதவி முகாம் போட்டிருந்தார்கள். நிர்மலா என்று ஒரு வக்கீலம்மா, சின்ன வயசு, பொறுமையாகப் பேசினாள். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டச் சொல்லிச் சட்டம் வைத்திருப்பதே தெருவில் நடக்கிறவனுக்காகத்தான், நஷ்டஈடு கம்பெனிதான் தரும், ஓட்டியவர் கையிலிருந்து போகாது என்றாள். ஆனால் யார் இடித்தார் என்று பேர் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டுமாம். நான் சொந்தக்காரர் பேரைச் சொல்லாமல், ஒருத்தருக்கு இப்படி ஆனால் என்று யாரோ மாதிரிக் கேட்டுவிட்டு வந்தேன்.

உன் மாமனாரிடமே இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று லாஸ்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பேசவில்லை. உன் மாமியார்தான் காபி கொடுத்து அனுப்பி வைத்தாள். கேட்டருகே வந்து, ரூபியோட விசா பேப்பர் எல்லாம் டோனி கையெழுத்துலதான் இருக்கு, பாத்து நடந்துக்குங்க என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்பா வழக்கு வேண்டவே வேண்டாம் என்கிறார். எனக்கு அவர் காலும் வேண்டும், உன் வாழ்க்கையும் வேண்டும். நீ யோசித்துச் சொல். நீ எது சொன்னாலும் நான் கோபப்படமாட்டேன்.

மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஸ்டெல்லாமேரி



இயேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு,
14 ஜனவரி 2007

அன்பு மகள் ரூபிக்கும், மரியாதைக்குரிய மாப்பிள்ளை டோனி அவர்களுக்கும் ஸ்டெல்லாமேரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

ரூபி, போன கடிதத்துக்குப் பதிலாக நீ போன் செய்து, வேண்டாம்மா, விட்டுடும்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். உன் குரலைக் கேட்டதும் நானும் விட்டுவிட்டேன். கோபப்படமாட்டேன் என்று எழுதியிருந்தேனே, அதுவும் பொய்தான். உன் மேல் கோபப்பட்டேன், பிறகு அழுதேன், பிறகு நீ அந்தக் குளிரில் யாருமில்லாத ஊரில் என்னதான் செய்வாய் என்று நினைத்து அடங்கினேன்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் பின்தெரு கொளஞ்சி, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தான். அவன் லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் டிங்கர் வேலை செய்கிறான். விபத்து நடந்த சமயம் அவன் ஊரில் இல்லை, அப்பா தடுக்கி விழுந்ததாகத்தான் அவனுக்கும் தெரியும். பேச்சுவாக்கில், உங்க சம்பந்தி வண்டி எங்க ஷாப்புக்குத்தாண்ணே வந்துச்சு, முன்னால பம்பர், லைட்டு எல்லாம் போச்சு, இன்ஷூரன்ஸ்ல புதுசா மாத்திட்டோம் என்றான். பிறகு, ஆமாண்ணே, உங்க தெருமுனையிலதான் மாட்டு மேல இடிச்சிட்டதா எழுதிக் குடுத்திருக்காரு, யார் வீட்டு மாடுண்ணே அது என்று கேட்டான்.

நான் அடுப்பங்கரையில் நின்றபடியே கேட்டேன். உன் அப்பா, காபி குடிச்சிட்டுப் போடா என்றார். அவன் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், பொழுது சாய்கிற வரைக்கும் சாப்பிடக்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. விளக்கேற்றி ஜெபம் சொல்ல உட்கார்ந்தபோது, மாடுன்னா எழுதினாங்க ஸ்டெல்லா என்றார். கார் விளக்குக்கு உடனே காசு வந்துவிட்டது, ரூபி. உன் அப்பா காலுக்கு வரவில்லை. விளக்கு உடைந்தது எப்படி என்று கேட்டவர்களுக்கு அவரை மாடாக்கிக் காட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் முகம் மழித்துவிடச் சொன்னார். உன் கல்யாணத்துக்குப் போட்ட சட்டையை எடுக்கச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். அந்த வக்கீலம்மாகிட்ட என்றார். ஆட்டோவில் காலை நீட்டி வைத்து, நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போனோம். நிர்மலாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இடித்த கார், ஓட்டியவர் பேர் எல்லாம் தெரிந்திருந்தும் அடிபட்டவரே தடுக்கி விழுந்தேன் என்று சொன்னால், கம்பெனிக்காரன் அதையே பிடித்துக்கொள்வானே, ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்றாள். பொண்ணு குடுத்திருக்கோம்மா என்றார். கஷ்டம்தான், ஆனால் முடியாதது இல்லை என்று சொல்லிப் புகாரும் கொடுத்து, நஷ்டஈட்டு மனுவும் போட்டுவிட்டாள். அவளுக்குச் சட்ட உதவியில் சம்பளம். நாங்கள் கொடுத்த ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நோட்டீஸ் கிடைத்ததும் உன் மாமனார் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நான் இடித்தது மாட்டைத்தான், என் மகன் காரில் இருந்தான், பிப்ரவரியில் வந்து அவனே கோர்ட்டில் சாட்சி சொல்வான் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார், எழுத மனசில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. உன் அப்பா கட்டிலில் இருந்தபடி, உள்ள வாங்க சம்பந்தி, நின்னுக்கிட்டே பேசுறீங்களே என்றார். கட்டையில் போனாலும் இந்த மனுஷனுக்குப் பழக்கம் போகாது.

மாப்பிள்ளை, இனி உங்களிடம் சொல்கிறேன். அவர் உங்களைப் பெற்றவர். அவருக்காக நிற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மாடு என்று எழுதியதற்கு அவர் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டி வரும், வக்கீலம்மா மறைக்காமல் சொன்னாள், நானும் உங்களிடம் மறைக்கவில்லை. இரண்டாவது ஆபரேஷன் செய்தால் உங்கள் மாமா நடப்பார், செய்யாவிட்டால் நடக்கமாட்டார். எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

ரூபி, மாப்பிள்ளை முன்னாலேயே உன்னிடமும் ஒன்று சொல்கிறேன். உன் பேப்பரை யாராவது காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதே. அது போனால் போகட்டும். உன் கட்டிலை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் நீ அதில் வந்து படுக்கக் கூடாது என்றுதான் தினமும் ஜெபம் சொல்கிறேன். அப்பாவுக்காக நீ மாப்பிள்ளையிடம் சண்டையும் போடாதே.

வேறு ஏதாவது சாட்சி, அத்தாட்சி இருக்கிறதா என்று வக்கீலம்மா என்னிடம் பல தடவை கேட்டாள். இல்லை என்றேன். அந்த நீலக்கோட்டுச் சட்டை என் பீரோவில்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. எலுமிச்சை போட்டு அலசிப் பார்த்தேன், வெயிலில் போட்டுப் பார்த்தேன், கறை முழுதும் போகவில்லை. இஸ்திரி போட்டு உங்கள் கல்யாண ஆல்பத்தின் மேல் வைத்திருக்கிறேன். மாட்டுக்கு யாரும் தன் சட்டையைக் கழற்றிக் கட்டமாட்டார்கள். ஆனால் அதை நான் கோர்ட்டுக்குக் கொடுக்கமாட்டேன். அன்றைக்கு நீங்கள் கேஸுக்காகக் கட்டவில்லை. அதை உங்கள் கையில்தான் திருப்பிக் கொடுப்பேன்.

பிப்ரவரியில் வாருங்கள். கோர்ட்டில் உங்கள் மனசுக்குப் பட்டதைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சொன்னாலும் முடிந்ததும் நேராக நம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். அன்றைக்குச் சமைத்ததை யாரும் தொடவில்லை, வஞ்சிரத்தை மறுநாள் பூனைக்குத்தான் போட்டேன். அந்த விருந்து இன்னும் பாக்கி இருக்கிறது.

இதை எழுதும்போது உங்கள் மாமா பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். போன தடவை மாப்பிள்ளையை ரோட்டில் கிடந்தபடி வாங்க என்று கூப்பிட்டது மரியாதை இல்லையாம். இந்தத் தடவை வாசலில் நின்று கூப்பிடுவாராம்.

நிற்க முடிந்தால்.

ஆண்டவர் உங்கள் இரண்டு பேர் வாயிலும் மனசிலும் குடியிருக்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஸ்டெல்லாமேரி