இடது சக்கரத்து டிஸ்க்

புதுச்சேரி,
ஞாயிறு பகல்.

அன்பு மகள் அமேலிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஈனெசும் அந்தத் தூர தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். மம்மா பெரிய மார்க்கெட் பக்கம் போய் ஒரு மாதமாகிறது, முழங்கால் வலி பாதிக் காரணம், மீன் விற்கிறவர்கள் மகன் கல்யாணம் எப்போது என்று கேட்பார்களே என்பது மீதி. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, ஈனெசின் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், போன மாதம் முழுக்க அப்படித்தான் செய்தேன். கடைசிவரை படித்துவிடு, பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

உன் தம்பி லூதோவிக் குடித்துவிட்டு ஜீப்பை ஓட்டினான், அதனால்தான் அவனுக்குப் பேசியிருந்த அமுதவல்லியின் அப்பா விஜயராகவனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, கல்யாணமும் நின்றது, இதுதானே உனக்குச் சொல்லப்பட்டது. நீயும் அவனிடம் போனில் கடுமையாகப் பேசினாய், அவன் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. அமேலி, அவன் குற்றவாளி இல்லை. குற்றம் என்னுடையது, அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

நம் ஜீப்புக்கு முன் சக்கரங்களில் இருப்பது டிஸ்க் பிரேக், உனக்கு நினைவிருக்கும், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் வந்து பிடிக்கும். வருஷக்கணக்கில் பிடித்துப் பிடித்துத் தட்டு தேயும், அலை அலையாகும், மிதித்தால் பெடல் காலுக்கடியில் உதறும். லேத்தில் கொடுத்துச் சமமாகக் கடைந்துகொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் கனம் குறையும். இவ்வளவுக்குக் கீழே போனால் தூக்கிப் போட்டுவிடு என்று ஒரு அளவு உண்டு, நம் வண்டிக்கு அது எட்டரை மில்லி. பிரெஞ்சுப் பட்டாளத்து வொர்க்‌ஷாப்பில் பதினைந்து வருஷம் நான் பார்த்த வேலையே இதுதான், ஒரு நூல் குறைந்தாலும் அந்த வண்டியை வெளியே விடாமல் நிறுத்திவைத்தவன் நான். சித்திரையில் நம் வண்டியின் பெடல் உதற ஆரம்பித்ததும் கழற்றி அளந்தேன், இடது பக்கம் சரியாக எட்டரை இருந்தது. தட்டாஞ்சாவடியில் தணிகாசலத்தின் லேத்துக்கு எடுத்துப்போனேன், அவர் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் இதில் கடைய ஒன்றுமில்லை, புதுசு போடுங்கள் என்று கையில் திருப்பிக் கொடுத்தார். பழைய மாடலுக்குப் புதுசு சென்னையிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரமாகும் என்றார்கள். சொல்லி வைத்தேன். அத்தோடு வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, இரண்டு தெரு தள்ளி, அளந்து பார்க்காத இன்னொரு லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி மாட்டினேன். எட்டுக்கும் கீழே போய்விட்டது. உதறல் நின்றது, பெடல் புதுசுபோல இருந்தது, அந்தச் சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

விபத்து நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விஜயராகவன் தனியாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இரண்டு வருஷம் கிறிஸ்தவ வேதத்துக்காரர் வீட்டில் பெண் கொடுக்கமாட்டேன் என்று நின்ற மனிதர், கோவிலில் கல்யாண ஓலை எழுதும் தேதியை அன்றைக்கு அவராகவே சொன்னார். லூதோவிக்குக்குச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் வைன் ஊற்றியது நான், அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான், சந்தோஷத்தில் நான்தான் ஊற்றினேன், அவன் பாதியை வைத்துவிட்டான். கிளம்பும்போது விஜயராகவன் வாசலில் ஜீப்பைச் சுற்றிப் பார்த்து, இருபத்தைந்து வருஷத்து வண்டியைப் புதுசாட்டம் வைத்திருக்கிறீர்களே சம்மந்தி என்றார். அவரை ஊரில் விட்டுவருகிறேன் என்று லூதோவிக் சாவியை எடுத்தபோது, தம்பி இந்த வண்டி வேண்டாம், ஆட்டோ கூப்பிடு என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. இப்போதுதான் புகழ்ந்தார், அவர் எதிரே அதை எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். பாகூர் ரோட்டில் வாய்க்கால் மதகுக்கு முன்னால் ஆடு குறுக்கே வர இவன் அழுத்தி மிதித்திருக்கிறான், இடது டிஸ்க் நடுவில் விண்டுபோய் அந்தச் சக்கரம் பிடிக்கவில்லை, வலது மட்டும் பிடித்ததில் வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகில் மோதியது. பார்த்தவர்களுக்குக் குடிகாரன் ஓட்டினதுபோலத்தான் இருந்திருக்கும். வாயில் வைன் வாசனை வேறு.

ஆஸ்பத்திரியில் விஜயராகவனின் தம்பி ஹரிகிருஷ்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்கிறானே, நீங்கள் வண்டி வேலை தெரிந்தவர், உண்மையா என்று கேட்டார். லூதோவிக் நான்கடி தள்ளி நெற்றியில் கட்டோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக்கை நானே பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் உறவாகப் போகிறவர்கள் என்று போலீசில் புகார்கூடக் கொடுக்கவில்லை, வண்டியை இழுத்து நேராக நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் அவன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்றான். பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை என்றேன். அவன் இல்லாத நேரம் கழற்றி, விண்ட டிஸ்கைச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் தள்ளினேன். பத்தாம் நாள் ஹரிகிருஷ்ணன் பெண்ணுக்கு நாம் கொடுத்திருந்த புடவையையும் மோதிரத்தையும் திருப்பிக் கொண்டுவந்தார். உன் தம்பி இரண்டு கையாலும் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டை இரண்டை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பத்தில் அவன் சிநேகிதன் இளஞ்செழியன் வீட்டுக்குப் போய்விட்டான். படகு இஞ்சின் வேலையில் கூடமாட இருக்கிறான். ஸ்டியரிங் தொடுவதில்லை என்று இளஞ்செழியன் சொன்னான்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் சும்மா இருந்தேன், அமேலி. பூசைக்குப் போனேன், அந்தப் பொய்யோடே நற்கருணை வாங்கினேன். போன செவ்வாய்க்கிழமை அதற்குமேல் முடியாமல் டிஸ்கைக் காய்கறிப் பையில் போட்டுப் பஸ் ஏறி விஜயராகவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார், இன்னும் மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாதாம். கட்டில் ஓரத்தில் டிஸ்கை வைத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அமுதவல்லி உள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் திட்டவில்லை.

"இது உங்க புள்ளைக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார். சம்மந்தி என்ற வாய் சார் என்றது.

இன்னும் சொல்லவில்லை என்றேன்.

"அவன்கிட்ட மொதல்ல சொல்லாம எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

அவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது, அதுதான் உண்மை. அமுதவல்லியை அவள் அத்தை மகனுக்கு ஆவணியில் கொடுக்கப் பேசி முடித்துவிட்டதாகவும், கொடுத்த வாக்கை மறுபடி மாற்ற முடியாது என்றும் சொன்னார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள், என்னால் குடிக்க முடியவில்லை.

அங்கிருந்து நேராகக் குருசுக்குப்பம் போனேன். படகுக்கு அந்தப் பக்கம் லூதோவிக் இஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தான், இளைத்திருந்தான். டிஸ்கைக் கையில் கொடுத்துச் சொன்னேன். அவன் கட்டைவிரலால் விண்ட இடத்தைத் தடவி, அதன் கனத்தைப் பார்த்தான். கோபப்படுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"நாந்தான் சரியா மிதிக்கலையோன்னு நெனச்சிட்டு இருந்தேம்ப்பா," என்றான். "நீ நல்லா இருக்குன்னு சொன்னதால."

அவ்வளவுதான். டிஸ்கை மணலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். வீட்டுக்கு வா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ போப்பா என்றான். மம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை, உன் அறையில் படுத்துக்கொள்கிறாள்.

சென்னையிலிருந்து புது டிஸ்க் வந்து கிடக்கிறது, பெட்டியைப் பிரிக்கவில்லை. எதைச் சரிசெய்ய அதை மாட்டுவது என்று தெரியவில்லை. எனக்காக நீ லீவு போட்டுப் புறப்பட்டு வராதே, என் முகத்தைப் பார்த்து உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்கள் காரைச் சர்வீசுக்கு விடும்போது டிஸ்கின் கனத்தை அளந்து எண்ணாகச் சொல்லச் சொல், நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே, குழந்தை ஏறும் வண்டி. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல், ஈனெசுக்கு நெற்றியில் சிலுவை போட்டு தாத்தாவின் முத்தம் கொடு. மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். கடிதம் கிடைத்த அன்றே தம்பிக்குப் போன் செய். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்காதே. நீ அவனை நம்புகிறாய் என்று மட்டும் சொல். நான் சொன்னால் இனி அவன் காதில் ஏறாது.

உன் அப்பா,
எதுவார்