வரிசையில் நின்ற செருப்பு

திருப்பதி

என் ஷோபாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் மங்கிவிட்டது. லாட்ஜில் ஒன்பதாம் அறைக்காரரிடம் ஆறாம் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். உள்ளே புதுமணத் தம்பதி! "கண்ண காட்டிக்கினு வா, இல்லன்னா ஊருக்குப் போ" என்றார் முதலாளி.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் முந்நூறு பேருக்கு ஒரே கண் டாக்டர். எல்லாரையும் போல வரிசையில் செருப்பை விட்டுவிட்டு மரத்தடியில் சாய்ந்தேன். கண் சொக்கியது. கனவில் நம் வரதய்யபாளையத்துக்கே டாக்டர்கள் வந்து, நம் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். நீ அதட்டுகிறாய்: "தள்ளாதீங்கய்யா, ஒவ்வொருத்தரா வந்து பாருங்க!" உன் முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, தெரியுமா?

யாராவது இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. நாளை மறுபடி போகிறேன்.

நான் விழித்தபோது டாக்டர் கிளம்பிவிட்டார். பின்னால் நின்றவர்கள் நாணயமானவர்கள். என் செருப்பை நகர்த்தி நகர்த்தி அவர் அறை வாசல்வரை சேர்த்திருந்தார்கள்.

வேணு