கோட்டையைப் பார்க்காத இரண்டு பேர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி மூன்று பேரும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, நீ ரொம்பவே சுகமாக இருக்கிறாய் என்று எனக்குச் சேதி வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று பார்க்க உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் கூடிவிடுகிறது. தம்பி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், புது ஷூ வாங்கியிருக்கிறான், அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நடந்து போகிறான். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைக் கூரையில் பெரிதாகக் கறை படிந்திருக்கிறது. பூச்சுக்காரரைக் கூப்பிடுங்கள் என்றால் அப்பா அண்ணாந்து பார்த்து, இது எந்த நாட்டு மேப் மாதிரி இருக்கு சொல்லு என்று என்னையே கேட்கிறார். ஊருக்கெல்லாம் வழிகாட்டுகிறவள் வீட்டில் கூரை ஒழுகுகிறது, யாரிடம் சொல்லி அழ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதக் கடைசியில் பயணிகளை அழைத்துக்கொண்டு நாடு சுற்றும் பயணத்துக்குப் போய்வந்தேன். வழக்கமான வழிதான், கோட்டை, அருங்காட்சியகம், அரண்மனை, அருவி, கடைசியில் கலங்கரை விளக்கம். புறப்படுவதற்கு முன்னால் நீ போனில், அடுத்த டூர் எப்பம்மா கிளம்பறே, எந்த வண்டி என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? இத்தனை வருஷமாக நான் மலைக்குப் போகிறேனா கடலுக்குப் போகிறேனா என்று கேட்காத பெண் திடீரென்று வண்டி எது என்று கேட்கிறாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மகள் அக்கறையாகக் கேட்கிறாளே என்று பூரித்துப்போய் வண்டி நிறத்தைக்கூடச் சொன்னேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அந்த வண்டியில் ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள், அறுபதை ஒட்டிய வயது, பார்க்க மரியாதையான ஆட்கள். அவர் கழுத்தில் நல்ல கேமரா ஒன்று தொங்கியது, உறையைவிட்டு அது வெளியே வரவே இல்லை. எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு, உனக்கும் சொல்லியிருக்கிறேன். கூரையைப் பார்ப்பவர் படித்தவர், கடிகாரத்தைப் பார்ப்பவர் பசித்தவர், நாலா பக்கமும் பார்ப்பவர் கழிப்பறை தேடுபவர். இவர்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். கோட்டை வாசலில் மற்றவர்கள் எல்லாரும் பீரங்கியின் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் என் செருப்பையும் கைப்பையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பயணிக்கு வாந்தி வந்து நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டபோது அந்த அம்மாள் கணவரை முழங்கையால் இடித்ததையும் பார்த்தேன்.

எங்கள் வழிகாட்டிகள் கூட்டத்தில் லொடலொட என்று ஒருத்தி இருக்கிறாளே, அவள் கோட்டைக் கிணற்றில் புதையல் இருக்கிறது என்று அள்ளிவிட்டதைப் பயணி வேஷத்தில் வந்த அதிகாரி கேட்டுவிட்டு அவள் உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார். அதனால் இவர்களும் அப்படி அனுப்பப்பட்டவர்கள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள், என் மடியிலோ சுரங்கப்பாதைக் கதை இருக்கிறது, அதில் பாதி நானே போட்டது. அன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டு நீளம், அகலம், கட்டிய வருஷம் என்று மட்டும் ஒப்பித்தேன். வண்டியில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நம் டிரைவர், பிரேக்கைத் தொடுவதைவிட ஹாரனைத் தொடுவதே அதிகம் என்பதால் ஹாரன் என்றே பெயர் வாங்கியவர், என்னக்கா இன்னிக்கு ஸ்கூல் பாடம் மாதிரி ஓட்டறீங்க, எனக்கே கண்ணைச் சொருகுது என்றார். அவருக்குக் கண் சொருகினால் எல்லாருமே சரித்திரம் ஆகிவிடுவோம் என்பதால் கொஞ்சம் சுருதியை ஏற்றினேன்.

அருங்காட்சியகத்தில் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. பழைய நாணயங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் பக்கத்தில் வந்து, வீட்டுல சமையல் யாரு, நீங்க இப்படி வெளியூர் போனா சார் என்ன பண்ணுவாரு, கோபம் வந்தா கத்துவீங்களா, பேசாம இருந்துடுவீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நான் கத்தினால் அரசாங்கத்துக்கு என்ன, கத்தாவிட்டால் என்ன? அப்படியானால் இது அதிகாரி இல்லை, பழகிப் பழகிக் கடைசி நாளில் ஏதாவது சீட்டிலோ திட்டத்திலோ சேர்த்துவிடும் கூட்டம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டேன். கத்த மாட்டேன், ஞாபகம் வெச்சுப்பேன் என்று பதில் சொன்னேன். அதைக் கேட்டு அந்த அம்மாள் பயப்படவில்லை, நானும் அப்படித்தான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அரண்மனையில்தான் குட்டு வெளிப்பட்டது. தோட்டத்துப் பக்கம் எல்லாரையும் நிறுத்திவைத்து மேற்குச் சுவரைக் காட்டினேன். அதுவரை வாயே திறக்காத அந்த மனிதர் மேலே அண்ணாந்து பார்த்து, ராணி கசப்பு மருந்தைக் கொட்டின ஜன்னல் எதும்மா, மரம் மாளிகையைவிட உசரமா வளர்ந்துச்சே, அந்த மரம் இப்ப இருக்கா என்று கேட்டார். அந்த அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், அதற்குள் கேள்வி வெளியே வந்துவிட்டது. மகளே, அந்த அரண்மனையில் ராணியே இருந்ததில்லை. கட்டிய ராஜா கல்யாணமே செய்துகொள்ளாமல் செத்துப்போனார், எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அப்படித்தான் இருக்கும். அந்த ராணியைப் பெற்றவள் நான். நீ பால் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து ஜன்னல் வழியாக ஊற்றின காலத்தில், நம் சமையலறையில், உன் வாயைத் திறக்க வைப்பதற்காக நான் கட்டிய கதை அது. எந்தப் பயணிக்கும் சொன்னதில்லை, உன் தம்பிக்குக்கூடச் சொன்னதில்லை, அவன் கேட்காமலே எல்லாவற்றையும் குடித்துவிடுவான். அது உன் ஒருத்தியிடம்தான் இருந்தது. நீ அதை யாருக்கோ சொல்லியிருக்கிறாய், அந்த யாரோ தன் அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ராணி இருந்தது உண்மை என்று நம்பிக்கொண்டு அந்த நல்ல மனிதர் வெயிலில் கழுத்து வலிக்க ஜன்னல் தேடுகிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய். எனக்கு வலித்தது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவன் பெயர் எனக்குத் தெரிவதற்கு முன்னால் உன் பால் டம்ளர் கதை அவன் வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் என்னை வந்து பார்த்ததில் எனக்குக் கோபம் இல்லை, பார்க்க வேண்டியதுதான். நீ வண்டி நிறத்தை என்னிடமே கேட்டு வாங்கி அவர்களுக்குக் கொடுத்தாயே, அதுதான் ஆறவில்லை. அம்மா சந்தேகப்படுவாள் என்று பயந்தாயா? சந்தேகப்படத்தான் செய்வேன். அந்த நிமிஷத்திலிருந்து நான் ஊரைக் காட்டுவதை ஒப்புக்குச் செய்துகொண்டு அவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பாம்பின் கால் பாம்பறியும். அவர் வண்டியில் குறட்டை விடுகிறார், அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை. அந்த அம்மாள் அருவியில் செருப்பு பார்த்துக்கொள்கிறவரிடம் சள்ளென்று விழுந்துவிட்டு, பாதி வழி போனபிறகு திரும்பி வந்து, தப்பா எடுத்துக்காதீங்க, வெயில்ல சொல்லிட்டேன் என்றார். கலங்கரை விளக்கத்தில் பாதிப் படியில் அந்த அம்மாள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார், நான் பக்கத்திலேயே நின்றேன். முன்னால் ஏறிப்போன கணவர் யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மேல ஒண்ணுமே இல்ல, வெறும் காத்துதான், நீ வராதது நல்லதுதான் என்றார். இந்த நாட்டிலேயே அதைவிட நல்ல காட்சி கிடையாது, கூசாமல் அப்படி ஒரு பொய். எனக்கு அந்தப் பொய் பிடித்துப்போயிற்று. ஆனால் மகனுக்கு அந்த மனசும் வந்திருக்கிறதா, பொய் மட்டும் வந்திருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது, அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகவே பார்.

கடைசி நாள் ரயில் நிலையத்தில் எல்லாரும் இறங்கிப் போனபிறகும் அந்த அம்மாள் மட்டும் என் கையை விடாமல் நின்றார். நான் கேட்பேன் என்று அவர் முகம் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் சொல்வார் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உன் வாயால் வர வேண்டிய சேதியை வேறொருவர் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. நீங்க எங்க ஊருக்கு வாங்க, ஒரு தடவை நான் உங்களுக்குச் சுத்திக் காட்டறேன் என்றார். இத்தனை வருஷம் இந்த நாட்டை ஊரார் எல்லாருக்கும் காட்டியிருக்கிறேன், நீ வந்து பார் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் மூச்சுவிடவில்லை, அவர் வயிற்றில் எதுவும் தங்காது, விடிவதற்குள் மாடி வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்ல இறங்கி வந்துவிடுவார்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள், யாரோடு இருந்தாலும் நடுவில் எனக்கும் போன் செய். நீ நல்லா இருக்கணும், நீ கைபிடிக்கிறவனும் நல்லா இருக்கணும் என்று அம்மாவும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம், அப்பா எதற்கு வாழ்த்துகிறோம் என்று தெரியாமலே வாழ்த்துகிறார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த அம்மாள் ஊரில் நான் வெறும் பயணியாகப் போய் இறங்குவதா, சம்பந்தியாகப் போய் இறங்குவதா என்று நீ எழுத வேண்டும். அதை நீதான் எனக்கு முதலில் சொல்ல வேண்டும். நீ சொல்லும்போது புதிதாகக் கேட்பது போல ஆச்சரியப்படுவதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
இதுவரைக்கும் ஒன்றுமே தெரியாத
உன் அம்மா