சுவரில் மாட்டிய படமும் டெவோனா ஹாலிஸின் தேர்வும்

அனுப்புநர்
அலான்சோ டிஸ்டேல்,
ஓய்வுபெற்ற காகித ஆலைத் தொழிலாளி,
மவுண்ட் நீபோ சாலை,
ஹார்லன் ஃபெரி, அலபாமா.

பெறுநர்
முனைவர் கிளிஃபர்ட் வெயின்ரைட் அவர்கள்,
பட்டமேற்படிப்புப் புலத் தலைவர்,
வார்ட்லா பல்கலைக்கழகம், அலபாமா.

பொருள்: கறுப்பின மாணவர்களின் ஆராய்ச்சிப் படிப்புக்காகப் பெத்தேல் ரிட்ஜ் கல்லூரியும் தங்கள் பல்கலைக்கழகமும் செய்துகொண்ட கூட்டு ஏற்பாட்டிலிருந்து செல்வி டெவோனா ஹாலிஸ் நீக்கப்பட்டது, மறுதேர்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே பொருள் குறித்துத் தங்கள் அலுவலகத்துக்கு முன்பே ஒரு மனு அனுப்பினேன். உதவியாளர் ஒருவர் நான்கு வரியில் மறுப்பு அனுப்பினார். ஆகவே இம்முறை தங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன்பின் படித்ததெல்லாம் ஊர் நூலகத்தில், நானாகப் படித்தது. கூட்டு ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும்.

2. டெவோனா பெத்தேல் ரிட்ஜில் முதுகலை முடித்து, இந்த ஏற்பாட்டின் வழியாகத் தங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் மாணவி. எங்கள் வட்டாரக் கிணறுகளில் சாக்கடை நீர் எப்படிக் கலக்கிறது என்பதே அவளுடைய ஆராய்ச்சி. அந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவள் அவள்.

3. அவளை வளர்த்தவள் என் தங்கை எர்லீன். டெவோனாவைப் பெற்றவள் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் எர்லீனுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள். அவள் இறந்த அன்று மாலையே எர்லீன் குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். நீதிமன்றத்துக்குப் போகவில்லை, காகிதம் எதுவும் எழுதவில்லை. எங்கள் பகுதியில் இதற்கெல்லாம் யாரும் நீதிமன்றம் போவதில்லை. நான் ஒருமுறை அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். எர்லீன், "அண்ணே, ராத்திரி அவ இருமுனா எந்திரிக்கிறது நானா, ஜட்ஜா?" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

4. கடந்த செப்டம்பரில், ஒரு புதன்கிழமை, எர்லீன் மாரடைப்பால் இறந்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். டெவோனாவின் தகுதித் தேர்வு அதற்கு முந்தைய நாளான வெள்ளிக்கிழமை பிற்பகல். அன்று மாலைதான் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தோம். தங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் ஊர் காரில் நான்கு மணி நேரம். அவள் ஊரிலேயே இருந்தாள். எர்லீனின் தலையை வாரியதும், உடுத்த வேண்டிய உடையை எடுத்ததும், வாழ்க்கைக் குறிப்பை எழுதி எல்லார் முன்னும் வாசித்ததும் அவள்தான். மகள் செய்ய வேண்டியவை அவை.

5. தொலைபேசியில் தங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவர் என்னிடம், "அடக்கத்துக்கு ஏன் சார் இவ்ளோ நாள்? சட்டுன்னு முடிச்சிருக்கலாமே?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. பதில் இதுதான்: எங்கள் சொந்தங்களில் பாதிப் பேர் தொலைவில், வடக்கே டெட்ராய்ட்டிலும் கிளீவ்லாந்திலும் இருக்கிறார்கள். மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள் விடுப்புக் கிடைத்து, காரில் வந்து சேர வேண்டும். எல்லாரும் வந்து சேரும் முன் எங்களில் யாரையும் மண்ணுக்குள் வைப்பதில்லை. தங்கள் விதியோ இறந்த நாளிலிருந்து மூன்று நாள் துக்க விடுப்பு தருகிறது. அந்த மூன்று நாளில் எங்கள் துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்பிய கோழிப் பொரியலும் கேக்கும்தான் வந்து சேர்ந்திருந்தன, சொந்தங்கள் வரவில்லை.

6. அந்த மூன்று நாள்கூட டெவோனாவுக்கு உரியதல்ல என்கிறது மறுப்புக் கடிதம். விதியில் இருப்பது தாய், தந்தை, வாழ்க்கைத்துணை, பிள்ளை, உடன்பிறந்தோர். எர்லீன் "உறவினர் அல்லாத அறிமுகமானவர்" என்று அதில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் நான் பலவிதமான கடிதங்களைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரியை என்னால் மடித்து வைக்க முடியவில்லை.

7. டெவோனாவின் பக்கம் உள்ள குறையையும் மறைக்க விரும்பவில்லை. அவள் வார்ட்லாவுக்குத் தனியாக எழுதவில்லை. பெத்தேல் ரிட்ஜில் இந்த ஏற்பாட்டைக் கவனிக்கும் முனைவர் போல்டன் அம்மையாரிடம் சொன்னாள். அவர், "நீ வீட்டுக்குப் போ மகளே, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். சொன்னபடி அன்றே பேசவும் செய்தார். அந்தக் கல்லூரியில் அவர் சொன்னால் அது நடந்தது போலத்தான். ஆறு ஆண்டு அங்கே படித்த பெண் அதை நம்பியதில் வியப்பில்லை. இப்போது, பெத்தேல் ரிட்ஜ் தந்த அனுமதி வார்ட்லாவில் செல்லாது என்கிறீர்கள். மாணவரை இரு நிறுவனங்களும் சேர்ந்து தாங்கும் என்று ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம் சொல்கிறது. ஒரு கை பிடித்திருப்பதை நம்பி அவள் சாய்ந்தாள். மறு கை விலகிக்கொண்டது.

8. விளைவு: தேர்வுக்கு வராதவர் என்று அவள் பெயர் நீக்கப்பட்டது. உதவித்தொகை நின்றது. ஆய்வகக் கதவு அவளுக்குத் திறப்பதில்லை. எடுத்த நீர் மாதிரிகள் உள்ளே இருக்கின்றன. டிசம்பர் முடிவதற்குள் தேர்வு எழுதாவிட்டால் முனைவர் படிப்புச் சேர்க்கையே ரத்தாகும்.

9. இம்மனுவை டெவோனா விரும்பவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். "விட்டுடுங்க மாமா. நீங்க சண்டை போட்டா எனக்கு அப்புறம் வர்ற பிள்ளைங்கள ஒரு மாதிரியா பாப்பாங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர் பெத்தேல் ரிட்ஜில் காத்திருப்பது உண்மைதான். அவர்கள் வீட்டிலும் சாவு வரும். அவர்களிலும் பலரை வளர்த்தது பெற்றவர்கள் அல்ல. அதனாலேயே எழுதுகிறேன்.

10. இனி, தாங்கள் நேரில் அறிந்த செய்தி ஒன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் எர்லீனை அழைத்துவரத் தங்கள் பல்கலைக்கழகம் கார் அனுப்பியது. அவளை மேடையில் உட்கார வைத்தீர்கள். படம் எடுத்தவர், முகத்தில் நிழல் விழுகிறது என்று தொப்பியைக் கழற்றச் சொன்னார். "தம்பி, இது சர்ச்சுக்குப் போடுற ஞாயித்துக்கிழமைத் தொப்பி. வேணும்னா உங்க விளக்க நகத்துங்க," என்றாள் அவள். மேடையே சிரித்தது, தாங்களும் சிரித்தீர்கள். அந்தப் படம் இன்றும் தங்கள் வரவேற்புக் கூடத்தில் தொங்குகிறது. நடுவில் ஊதாத் தொப்பியோடு எர்லீன். ஒரு பக்கம் டெவோனா. மறு பக்கம், எர்லீனின் தோளில் கைவைத்தபடி, தாங்கள். கீழே பித்தளைத் தகட்டில் பொறித்திருப்பது: "கூட்டு ஏற்பாட்டின் முதல் மாணவி, தன் தாயுடன்."

11. அன்று தாய் என்று எழுத யாரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை.

12. ஆகவே நான் வேண்டுவன: டெவோனாவுக்கு டிசம்பர் முடிவதற்குள் ஒரு தேர்வு நாள் குறிக்க வேண்டும், அதுவரை ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டில் வரும் மாணவருக்கு ஒரு நிறுவனம் தரும் அனுமதி மற்றதிலும் செல்ல வேண்டும். தன்னை வளர்த்தவர் யார் என்று மாணவர் சொல்வதை ஏற்க வேண்டும்.

13. இவை இயலாதென்றால், அந்தக் கடிதத்தில் உள்ளதே பல்கலைக்கழகத்தின் முடிவு என்றால், படம் அந்தச் சுவரில் இருக்கக் கூடாது. தகட்டோடு கழற்றி வையுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம், கண்ணாடி உடையும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். என் வீட்டுச் சுவரில் இடம் இருக்கிறது. அங்கே அந்தத் தகட்டில் எழுதியிருப்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை காலை அந்தப் படத்தின் கீழ் வந்து அமர்ந்திருப்பேன். தேர்வு நாளோ படமோ, இரண்டில் ஒன்றைத் தங்கள் கையால் பெற்றுக்கொண்டே ஊர் திரும்புவேன் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

இடம்: ஹார்லன் ஃபெரி
நாள்: நவம்பர் 14

இப்படிக்கு,
அலான்சோ டிஸ்டேல்
(எர்லீனின் அண்ணன், டெவோனாவின் மாமா)